செத்துப்போன அக்காவோடு ஊர் சுற்றியது

துக்கத்துக்கென்று விடுமுறை வாங்கி வந்து, யாருக்காக வாங்கினேனோ அவர் கையாலேயே மீன் குழம்பு சாப்பிட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊருக்குப் போனால் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

மஸ்கட்டில் விடிகிற நேரம். முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபோது போன் வந்தது. திண்டிவனத்தில் என் அக்கா அஞ்சலை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மல்லிகா. “அண்ணே, அக்கா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்கண்ணே” என்று ஒரே ஓலம். அம்மா போன பிறகு எனக்குத் தாயாக இருந்தவள் அக்கா. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அறையில் இருந்த பையன்கள்தான் கம்பெனியில் பேசி, பெட்டியைக் கட்டி, என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏறுவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்தேன். ‘நம்ம சொந்தம்’ என்று எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாரிஸ், பினாங்கு, போர்ட் பிளேர், பெங்களூரு என்று சிதறிக்கிடப்பவர்களும், விழுப்புரம், ஒலக்கூர், பெருமுக்கல்லில் இருப்பவர்களும் அதில்தான் கூடுவார்கள். ‘நம் அஞ்சலை அக்கா இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார்’ என்று அதில் எழுதினேன். எழுதி முடித்ததும் போன் உயிரை விட்டது. சார்ஜர் மறந்துபோயிருந்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு மலையாளத் தம்பதி. நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். “பாவம், வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போல. அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வை, பிறகு பசிக்கும்” என்று மனைவி மலையாளத்தில் சொன்னது காதில் விழுந்தது. அப்படி வாங்கிக் கொடுத்த தயிர்சாதத்தை நான் திண்டிவனம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன்.

சென்னையிலிருந்து ஏறிய பஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. பங்குனி வெயில். மஸ்கட் வெயில் அடுப்பு என்றால் இது அடுப்பின் மேல் ஏற்றிய குண்டான், வியர்வை வேறு. ரோட்டோரம் தர்பூசணியை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்த மொத்தக் கூட்டமும் இறங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது. “இந்த ஊரில் வண்டி கெட்டுப்போனாலும் திருவிழாதான்” என்று வடக்கத்திப் பையன் ஒருவன் இந்தியில் கூட்டாளியிடம் சொன்னான். புளியமரத்தடியில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம் கடைக்கார அம்மாள் ஒரு கீற்றை நீட்டினாள். “அழுதுகினே துன்னுப்பா. மயக்கம் போட்டு வுழுந்தா யாரு தூக்கறது?” அழுதுகொண்டே தின்றேன்.

திண்டிவனத்தில் மாலை ஒன்று வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் பந்தல் இல்லை, மேளம் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை. ஐயோ, எடுத்துவிட்டார்களே, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டேனே என்று ஓடினேன். வாசலில் குழாயடியில் உட்கார்ந்து ஒருத்தி சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அக்கா.

“இன்னாடா தம்பி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?” என்றவள் என் கையில் இருந்த மாலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “அய்யய்யோ, அத்த உள்ள கொண்டாராத! அப்படியே கோயில்ல போட்டுட்டு வந்துடு!”

விஷயம் இதுதான். பங்குனி, சித்திரையில் காக்கைகள் கூடு கட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் போனாலும் தலையில் அடிக்கும். அக்கா மாடியில் வடகம் காயப்போடப் போயிருக்கிறாள். வேப்பமரத்துக் காக்கை உச்சந்தலையில் அடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அது சனீஸ்வரன் தொட்டதற்குச் சமம். பரிகாரம் ஒன்று உண்டு. ரத்த உறவில் ஒருவருக்கு, அதுவும் தூரத்தில் இருப்பவருக்கு, ‘போய்விட்டார்’ என்று பொய்யாகச் சொல்லியனுப்ப வேண்டும். அவர் நிஜம் என்று நம்பி அழ வேண்டும். அந்தக் கண்ணீரோடு கண்டம் கழிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் ஒரு தபால் அட்டையில் முடிந்த காரியம்.

“நீங்க நல்லா அழுவட்டும்னு கொஞ்சம் டைம் குடுத்தேண்ணே” என்றாள் மல்லிகா, தலையைக் குனிந்துகொண்டு. “குளிச்சி, சமையல முடிச்சிட்டு வந்து திருப்பிப் போட்டா லைனே போவல. காலையிலேர்ந்து போட்டுக்கினே இருக்கேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீன்சட்டியைத் தூக்கி நடுத்தெருவில் வீசியிருப்பேன். வீசவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறையாக அழுதேன். “போதும்டா, ஒரு தடவ அழுதா போதும்” என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? போனைச் சார்ஜில் போட்டதும் குழு குமுறிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி, வெள்ளை ரோஜா, ஆழ்ந்த இரங்கல். பாரிஸ் தம்பி அக்கா படத்துக்கு மாலை போட்டே அனுப்பிவிட்டான். பினாங்கு அண்ணி தலைக்குக் குளித்து, மூன்று நாளைக்கு டிவி போடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். ‘அக்கா உயிரோடு இருக்கிறாள்’ என்று எழுதினேன். ‘ஏழுமலை அண்ணனுக்குத் துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டது, யாராவது பக்கத்தில் இருங்கள்’ என்று போர்ட் பிளேரிலிருந்து பதில் வந்தது. அக்கா பேசுவதை வீடியோ எடுத்துப் போட்டால், பழைய வீடியோ என்றார்கள். அதற்குள் பெங்களூரிலிருந்து என் தங்கை மகன் சுரேஷ் தெருமுனையிலேயே “பெரியம்மா” என்று மார்பில் அடித்துக்கொண்டு வந்தான். பெரியம்மாதான் அவனுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினாள்.

அவன் எழுந்து உட்கார்ந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “ரேவதி வந்துகினு இருக்காளா?” என்பதுதான்.

ரேவதி, புருஷனை இழந்த அக்காவுக்கு ஒரே மகள். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஸ்டீபன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவன். வேறு சாதி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருப்பது திருவக்கரையில், திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரம், கூட்டம் இருந்தால் ஒன்றரை. அன்று போனவள் பிறகு வரவில்லை, இவளும் போகவில்லை. அப்போது நான் மஸ்கட்டில் இருந்தேன். அவள் நம்பர்கூட என்னிடம் இல்லை.

“வெளிநாட்டுல இருக்கறவன்லாம் அழுவுறான்” என்றாள் அக்கா. “பக்கத்துல கீறவ வரல பாரு.”

விசாரித்துப் பேசலாம் என்றால் கையை ஓங்கினாள். “நீ ஒண்ணும் பேச வேணாம். செய்தி போயிருக்கும். வர்றதா இருந்தா வருவா.” அன்று படுக்கிற வரைக்கும் பைக் சத்தம் கேட்டால் வாசலைப் பார்த்தாள். சங்கரா மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் அவள் சாப்பிடவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள், நான் வந்த பிறகுதான் எடுப்பார்கள் என்று விடிந்ததும் கிளம்ப இருந்தார்களாம், சுரேஷ் பேசியதும்தான் நம்பினார்கள். மறுநாள் விழுப்புரத்திலிருந்து சித்தப்பா போனில் தீர்ப்பு சொன்னார். “போன்ல சொன்னா ஆவாது ஏழுமல. அழுத வூட்டுக்கெல்லாம் அவளை இட்டுக்கினு போய்க் காட்டு. ஒவ்வொரு வூட்லயும் அவ கை நனைக்கணும். இல்லன்னா அந்த அழுவ அந்த வூட்லியே தங்கிப்பூடும்.” கை நனைப்பது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. செத்தவள் சாப்பிட்டால்தான் உயிரோடு இருக்கிறாள் என்று கணக்கு. தூர தேசத்துக்காரர்களுக்கு விலக்கு உண்டாம். மற்ற வீடுகளுக்கு நாங்கள் கிளம்பினோம்.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மஸ்கட்டில் பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவன் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இங்கே விக்கிரவாண்டி வருவதற்குள் எனக்கு என்ன வேலை, என்ன சர்க்கரை அளவு, ஏன் கன்னம் ஒட்டியிருக்கிறது என்று எல்லாம் கேட்டாகிவிட்டது. “யாரு வூட்டுக்கு?” என்று கேட்ட கிழவரிடம், “சாவு வூட்டுக்கு. செத்தவ நான்தான்” என்றாள் அக்கா. அவர் அடுத்த ஸ்டாப்பிலேயே எழுந்து முன்னால் போய்விட்டார். எங்களுக்கு இடம் கிடைத்தது.

சித்தப்பா வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சித்தி முதலில் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அக்காவின் கையைக் கிள்ளிப் பார்த்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, குடும்பத்துச் சேதியை எல்லாம் வரிசையாக அவிழ்த்துவிட்டாள். பினாங்கில் அண்ணன் மகளுக்கு ரெட்டைக் குழந்தை. பாரிஸ் தம்பிக்கும் பெண்டாட்டிக்கும் சரியில்லையாம், தனித்தனி வீடாம். போர்ட் பிளேர்க்காரன் கடலோரமாக மனை வாங்கியிருக்கிறான். எல்லாவற்றையும், அக்கா ஏதோ பரலோகம் போய்விட்டு வந்தவள் போலவும், நடுவில் நடந்தது அவளுக்குத் தெரியாதது போலவும் சொன்னாள்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “ரேவதிக்கு யாரு சொன்னீங்க?” என்றாள்.

சித்தி ரசம் எடுக்க எழுந்து போனாள். சித்தப்பா ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பினார். “ஒலக்கூர் மாமா சொல்லியிருப்பாரும்மா” என்றார்.

அடுத்த நாள் ஒலக்கூர். டவுன் பஸ் எங்களைப் பார்த்தும் நிற்காமல் போனது. காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஒரு லோடு ஆட்டோவில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் போனோம். முதுகு கழன்று தனியாக வந்துவிடும் போல இருந்தது. அக்காவோ மூட்டை மேல் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நிஜமாகவே செத்தவள் போலத் தெரிந்தது எனக்கு, பயந்துபோய் எழுப்பினேன். “சும்மா கீறேன்டா” என்றாள்.

மாமா கழனியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மண்வாசனையோடு செடிகள் குவிந்து கிடந்தன. மாமா தூரத்திலிருந்தே கத்தினார். “வாம்மா அஞ்சல! எமன் வூட்ல இன்னா சோறு போட்டான்? நம்ம வூட்டு கேப்பக் களி அளவுக்கு வருமா?” மோட்டார் கொட்டகை நிழலில் களியும் கருவாட்டுக் குழம்பும். அதன் மேல் ஒரு சொம்பு அவித்த மல்லாட்டை. முந்தின நாள் கோழியே இன்னும் வயிற்றில் கூவிக்கொண்டிருந்தது. சாப்பிடாவிட்டால் பரிகாரம் கெடும் என்பதால் தின்றேன். சாவு அவளுக்கு, தண்டனை எனக்கு.

களியை விழுங்கிக்கொண்டிருக்கும்போது மஸ்கட்டிலிருந்து மேனேஜர் பேசினார். “உன் சகோதரியின் மரணச் சான்றிதழை அனுப்பி வை” என்று இந்தியில் சொன்னார், ரொம்ப அனுதாபத்தோடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். “அனுப்புறேன் சார்” என்றேன். வேறென்ன சொல்ல?

அக்கா மாமாவிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். கழனி ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செடி பிடுங்குவதில் மும்முரமானார்கள். “பெருமுக்கல் கனகா சொல்லியிருக்கும். அதுவும் ரேவதியும் ஒண்ணா படிச்சதுங்கதானே?” என்றார் மாமா.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது. “நெஜமா செத்திருந்தா இந்நேரம் பால் ஊத்தி முடிச்சிருப்பீங்க இல்ல?” என்றாள். “வரலடா. அம்மா மூஞ்சிய ஒரு தபா பாக்கணும்னு தோணலியே அவளுக்கு. அப்படியாடா நான் வளத்தேன்?” களைப்பில் எனக்கும் ரேவதி மேல் கோபம் வந்தது. இரண்டு சோடா வாங்கிக் குடித்தோம்.

கடைசி வீடு பெருமுக்கல். கனகா எங்கள் பெரியம்மாவின் பேத்தி. மலை தெரிகிற மாதிரி ஒரு வீடு, முன்னறையில் தையல் மெஷின். சித்திரையில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்களின் ஜாக்கெட் துணி அறை முழுவதும் குவிந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் மற்றவர்களைப் போல் கேலி செய்யவில்லை அவள். காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோறு, முருங்கைக்கீரை, முட்டைப் பொரியல். அக்கா முதல் கவளத்தைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ரேவதிக்கு நீதான் சொன்னியா கனகா? இன்னா சொன்னா அவ?”

கனகா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“நான் சொல்லல சித்தி. யாருமே சொல்லல.”

“யாருமேன்னா?”

“நம்பர எடுத்துட்டேன் சித்தி. அம்மாதான் போனப் புடுங்கிடுச்சி. விழுப்புரம் தாத்தா, ஒலக்கூர் தாத்தா, அல்லாரும் அம்மாவுக்குப் போன் போட்டு, சொல்லிடாதீங்கன்னாங்க.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நீதானே சித்தி சொன்ன. ரேவதி போன அன்னிக்கு நடுத்தெருவுல நின்னுகினு. ‘நான் செத்தாகூட இவளுக்கு யாரும் சொல்லக் கூடாது, சொன்னா என் பொணம் வேவாது’ன்னு மண்ணை வாரி வுட்ட. நாங்கல்லாம் இருந்தோம். செத்தவங்க வார்த்தைய எப்படி மீறுறதுன்னு பெரியவங்க…”

அக்காவின் கை அப்படியே நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த துணித் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன.

மல்லிகா சொன்னது நிஜமாக இருந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். பினாங்கில் டிவியை அணைத்திருப்பார்கள். பெங்களூரிலிருந்து பிள்ளை ஓடி வந்திருப்பான். நான் கடல் தாண்டி வந்து கொள்ளி வைத்திருப்பேன். பெற்ற மகள் மட்டும் திருவக்கரையில் வீட்டைக் கூட்டிக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டு, அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பாள். இத்தனை வீட்டிலும் எங்களுக்கு வயிறு முட்டப் போட்ட நல்லவர்கள் எல்லாரும், கோபத்தில் வந்த ஒரு பேச்சைச் சாமி வாக்கு மாதிரி காப்பாற்றியிருக்கிறார்கள்.

அக்கா அந்தக் கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். தட்டில் இருந்த அத்தனையையும் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள்.

“திருவக்கரைக்கு எப்படிடா போறது?”

“முதல்ல போன் போடலாம்க்கா. கனகாகிட்ட நம்பர் இருக்குது.”

“சாவ போன்ல சொல்லுவாங்களா?”

“எனக்கு மட்டும் போன்லதானே சொன்னீங்க!” என்றேன். எரிச்சலை அடக்க முடியவில்லை.

“அது பொய்ச் சாவு” என்றாள் அக்கா, செருப்பைத் தேடிக்கொண்டே.

திண்டிவனம் வந்து அடுத்த பஸ் பிடித்தோம். அன்று பௌர்ணமி. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எலுமிச்சை மாலையும் கையுமாகப் படிக்கட்டு வரை தொங்கியது. டிரைவர் பாவம் பார்த்து அக்காவை இன்ஜின் மேல் உட்கார வைத்தார். சூடு தாங்காமல் முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒற்றைக் காலில். என் இன்னொரு கால் யாருடைய கூடைக்கோ அடியில் இருந்தது. மயிலத்தைத் தாண்டியதும் குவாரி லாரிகள் கிளப்பிய தூசு. “எங்க ஆத்தா கூப்புட்டா போவாம இருக்க முடியுமா?” என்று யாரோ ஒரு அம்மாள் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இறங்கி, லாரி ஸ்டீபன் வீடு எது என்று கேட்டோம். டீக்கடையில் இருந்தவர் கையைக் காட்டினார். பச்சைப் பெயின்ட் அடித்த சின்ன வீடு, வாசலில் பப்பாளி மரம். உள்ளே குக்கர் விசில் அடித்தது. நான் படலைத் திறந்துகொண்டு போனேன். அக்கா தெருவிலேயே நின்றுவிட்டாள். வரச் சொல்லித் திரும்பினால் தலையை ஆட்டினாள். சாவு சொல்ல வந்தவர்கள் உள்ளே போகக்கூடாது. அவர்களை வீட்டார் ‘வா’ என்று கூப்பிடுவதும் இல்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அதெல்லாம் தெரிந்தவள்தான் அவள்.

ரேவதி ஈரக் கையோடு வெளியே வந்தாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, வயிறும் மேடிட்டிருந்தது. இந்தச் சேதி எந்த வீட்டிலும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. “மாமா! எப்ப மாமா வந்தீங்க?” என்று சிரித்தவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

அக்கா படலுக்கு வெளியே, வெயிலில், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள்.

“நான் செத்துட்டேன்டி ரேவதி. ஊருக்கெல்லாம் சொன்னாங்க. உனக்கு மட்டும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு சொன்னவளே நான்தான். அதான், நானே சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பஸ் வந்த பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரேவதிக்கு ஒன்றும் புரியவில்லை. என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். காக்கை, மல்லிகா, குழு, கை நனைத்த வீடுகள் என்று நான் தாறுமாறாகச் சொன்னேன். பாதியிலேயே அவள் வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்து, “என்னப் பெத்த அம்மா” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சாவு வீட்டு அழுகையேதான். அக்கம்பக்கத்தவர்கள் ஓடி வந்தார்கள். தெருவில் அக்கா நின்றுவிட்டாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது அல்லவா?

ரேவதி எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

“செத்தவளுக்கு இந்த வெயில்ல இன்னா சுத்தல் வேண்டிக் கெடக்குது? உள்ள வா. சோறு ஆறுது, வாம்மா.”